ஓடாமல் ஓடும் பெல்ட்: துகள் சிமுலேஷனில் கன்வேயர் அமைப்பது

துகள் சிமுலேஷன் (மணல், தாது, தானியம் மாதிரியான பொருள் எப்படிக் கொட்டும், எப்படிப் போகும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது) பழக வருகிறவர்களிடமிருந்து முதல் வாரத்திலேயே இரண்டு கேள்விகளில் ஒன்று வந்துவிடும். ஒன்று, "கன்வேயருக்கு வேகம் கொடுத்துட்டேன், ரன் பண்ணியும் பார்த்துட்டேன், திரையில பெல்ட் அசையவே மாட்டேங்குது, எங்கே தப்பு?" இன்னொன்று, "பெல்ட் நல்லா ஓடுது, ஆனா ஓடிக் காணாமலே போயிடுது, கல்லெல்லாம் கீழே கொட்டுது." முதல் ஆள் செய்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அவருக்குத்தான் அது தெரியாது. இரண்டாவது ஆள் பெல்ட்டை நிஜமாகவே நகர்த்திவிட்டார்.

குழப்பம் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான். கன்வேயர் என்றாலே நகரும் பொருள் என்ற எண்ணத்தோடு மென்பொருளைத் திறக்கிறோம். ஆனால் துகள் சிமுலேஷனில் சாதாரண கன்வேயர் நகர்வதே இல்லை. நின்ற இடத்தில் நிற்கும் ஒரு சுவர் அது. "நான் இந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று தன்னைத் தொடுகிற ஒவ்வொரு துகளிடமும் சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் மனதில் உட்கார்ந்துவிட்டால் ஏற்றமான பெல்ட், புல்லி, பக்கத் தகடு, பின்னால் உருண்டுபோகும் உருண்டைகள் என்று அடுத்தடுத்து வருகிற தலைவலிகளில் பாதிக்கு மேல் தானாகவே பிடிபட்டுவிடும்.

## ட்ரெட்மில்லின் மேல் ஒரு நிமிடம்

ஜிம்மில் இருக்கும் ட்ரெட்மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் அதில் ஓடினாலும் மெஷின் அறையின் அதே மூலையில்தான் இருக்கும். அதன் மேல்பரப்பு ஒரே நிறத்தில் வழவழவென்று இருந்தால், தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அது ஓடுகிறதா நிற்கிறதா என்பதே தெரியாது. காலை வைத்தால்தான் தெரியும், கால் சட்டென்று பின்னால் இழுபடும்.

கால் உணர்ந்தது எதை? தொட்ட இடத்தில் பரப்புக்கு ஒரு வேகம் இருந்ததை, அதை மட்டும். பெல்ட்டின் ஒரு துண்டு காலுக்கு அடியிலிருந்து போனதும் அதே வடிவத்தில் அடுத்த துண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதனால் மொத்த வடிவம் மாறுவதே இல்லை. ஆறு ஓடுகிறது என்கிறோம், வரைபடத்தில் ஆறு அதே இடத்தில்தானே கிடக்கிறது? கன்வேயரும் அப்படித்தான். வடிவம் நிற்கிறது, அதன் வழியே ரப்பர் ஓடுகிறது.

சிமுலேஷனில் துகள்தான் அந்தக் கால். பெல்ட் அதற்கு அடியில் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதெல்லாம் துகளுக்குத் தேவையில்லாத விவரம்.

## துகளுக்குத் தெரிந்த உலகம்

இந்த மென்பொருள்களுக்கு அடியில் ஓடுவது டி.இ.எம். (டிஸ்கிரீட் எலிமென்ட் மெத்தட்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை. ஒவ்வொரு துகளையும் தனித்தனிப் பொருளாக வைத்துக்கொண்டு, அதன் மேல் விழும் விசைகளையெல்லாம் கூட்டி, அடுத்த கணத்தில் அது எங்கே இருக்கும், என்ன வேகத்தில் போகும் என்று நியூட்டன் விதிப்படி கணக்கிடுவது என்று பொருள். பீட்டர் கண்டால், ஓட்டோ ஸ்ட்ராக் இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இதற்கு அடித்தளம். அவர்கள் யோசித்தது மண், மணல் போன்ற சிறுமணிக் குவியல்களைப் பற்றி. இன்று தாது, நிலக்கரி, தானியம், உரம், மாத்திரை என்று கொட்டிக் குவிக்கிற எதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஈடெம், ராக்கி, யேட் என்று மென்பொருள்களின் பெயர்கள் வேறுவேறாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுதான்.

"அடுத்த கணம்" என்று சொன்னதற்கு டைம் ஸ்டெப் என்று பெயர். இது மிகச் சின்னது, பல வேலைகளில் ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் ஒவ்வொரு துகளும், "நான் இப்போது யாரையாவது தொட்டுக்கொண்டிருக்கிறேனா?" என்று பார்க்கும். தொட்டுக்கொண்டிருப்பது பக்கத்துத் துகளாக இருக்கலாம், சுவராக இருக்கலாம். சுவர் என்பது இங்கே பெல்ட், தகடு, தொட்டி என்று நாம் வரைந்து கொடுத்த எல்லாப் பரப்புக்கும் பொதுப்பெயர்.

தொட்டால் இரண்டு விசைகள் வரும். ஒன்று பரப்புக்குச் செங்குத்தாக, துகளை வெளியே தள்ளுவது. சுவருக்குள் துகள் துளியூண்டு புகுந்திருப்பதாக மென்பொருள் வைத்துக்கொள்ளும், அந்தப் புகுந்த ஆழத்துக்கு ஓவர்லாப் என்று பெயர். அது கூடக் கூட ஸ்பிரிங் அமுங்குவது போலத் தள்ளும் விசையும் கூடும். கூடவே வண்டியில் இருக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரி, மோதும் வேகத்தைத் தணிக்கும் ஒரு பகுதியும் உண்டு. இது தணிப்பு விசை. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வில்லங்கத்தில் இது வரும்.

இரண்டாவது விசை பரப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் வருவது, அதாவது உராய்வு. கன்வேயரின் கதை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

## இழுப்பது எப்படி நடக்கிறது

தொடும் புள்ளியில் துகளின் பரப்பு ஒரு வேகத்தில் போகிறது, சுவரின் பரப்பு ஒரு வேகத்தில் போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சார்பு வேகம். ஒவ்வொரு டைம் ஸ்டெப்பிலும் மென்பொருள் இந்தச் சார்பு வேகத்தை எடுத்து, பக்கவாட்டில் ஒரு கற்பனை ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். ஸ்பிரிங் துகளைச் சுவரின் போக்கில் இழுக்கும். ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு: செங்குத்து விசையை உராய்வுக் கெழுவால் பெருக்கினால் வருவது எதுவோ, அதற்கு மேல் போகாது. அதைத் தாண்ட வேண்டிய நிலை வந்தால் துகள் வழுக்கும்.

இந்தக் கணக்கில் சுவர் எங்கே நகர்ந்தது என்ற கேள்வி எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்பட்டது சுவரின் வேகம் மட்டும்தான். மென்பொருளுக்குள் ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு தகவல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம், ஒன்று இடம், இன்னொன்று வேகம். சாதாரணமாக ஒரு சுவரை நகர்த்தும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்து மாறும்: வேகம் உராய்வுக் கணக்குக்குப் போகும், இடமும் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் தள்ளிப் போகும். கன்வேயர் அமைப்பில் இடம் பூட்டி வைக்கப்படும், வேகம் மட்டும் உராய்வுக் கணக்குக்குள் போகும். ஈடெம் மென்பொருளில் இதற்கு கன்வேயர் டிரான்ஸ்லேஷன் என்று தனியாகவே ஒரு தேர்வு இருக்கிறது, பக்கத்திலேயே லீனியர் டிரான்ஸ்லேஷன் என்று இன்னொன்றும் இருக்கும். பெல்ட் ஓடியே போய்விட்டது என்று சொன்ன ஆள் கை வைத்தது அந்த இரண்டாவதில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் நம்பிக்கை வரும். தட்டையான பெல்ட், வேகம் வினாடிக்கு 2 மீட்டர், உராய்வுக் கெழு 0.5. மேலிருந்து நேராக ஒரு சதுரக் கட்டை வந்து உட்காருகிறது. கட்டையை முடுக்குவது உராய்வு மட்டும்தான், அதன் முடுக்கம் 0.5 பெருக்கல் 9.81, கிட்டத்தட்ட 4.9. அப்படியானால் பெல்ட்டின் வேகத்தைப் பிடிக்க அதற்குச் சுமார் 0.41 வினாடி ஆகும். அந்த நேரத்தில் கட்டை முன்னே போவதும் 0.41 மீட்டர்தான் (இரண்டு எண்ணும் ஒன்றாக வந்தது இந்த வேகத்துக்கு மட்டும் நேர்ந்த தற்செயல், விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்). வேகம் சமமானதும் சார்பு வேகம் பூஜ்யம், இழுப்பும் நின்றுவிடும். அதன் பிறகு கட்டை பெல்ட்டில் சும்மா உட்கார்ந்து பயணம் செய்யும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கன்வேயர் என்பது இடம் மாறாத சுவர், அதன் பரப்பில் ஒரு வேகம் எழுதப்பட்டிருக்கிறது, துகளுக்கும் அந்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் உராய்வாக மாறி இழுக்கிறது, வித்தியாசம் தீர்ந்ததும் இழுப்பும் தீர்கிறது. பெல்ட் திரையில் அசையாமல் நிற்பது இயல்பு. அசைவைத் துகள்களில் தேடுங்கள்.

## வரைய வேண்டியது எவ்வளவு

புதியவர்கள் இங்கே அளவுக்கு மீறி உழைப்பார்கள். தொழிற்சாலை வரைபடத்தை அப்படியே இறக்கி, அதில் இருக்கும் ஐட்லர் உருளைகள் (பெல்ட்டை அடியில் தாங்குபவை), சட்டம், போல்ட், மோட்டார் உறை எல்லாவற்றையும் சிமுலேஷனுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். ஒன்றும் வேண்டாம். துகள் தொடுகிற பரப்பு எதுவோ அது மட்டும் போதும்: பெல்ட்டின் மேல்பரப்பு, பக்கத்தில் சிந்தாமல் தடுக்கும் ஸ்கர்ட் தகடுகள், பொருளை மேலிருந்து பெல்ட்டில் கொட்டும் சரிவான வழியான ஷூட், முனையில் பெல்ட் சுற்றித் திரும்பும் உருளையான ஹெட் புல்லியின் வளைவு. பெல்ட்டுக்குத் தடிமன்கூடத் தேவையில்லை, ஒரு வெறும் தாள் போதும். பெல்ட் சிமுலேஷனில் தொங்காது, ஐட்லர்கள் அதைத் தாங்க வேண்டிய அவசியமும் கிடையாது.

பொதுவாக வடிவம் எஸ்.டி.எல். கோப்பாக உள்ளே வரும், அதாவது பரப்பு முழுக்க முக்கோணங்களாக வெட்டப்பட்டிருக்கும். இந்த முக்கோண வலைக்குத்தான் மெஷ் என்று பெயர். சமதளமான பெல்ட்டுக்கு இரண்டே முக்கோணம் போதும், வளைவுகளுக்குத்தான் அதிகம் வேண்டும். எஸ்.டி.எல். கோப்பில் ஒரு பழைய சனியன் உண்டு, அதில் அலகு எழுதப்படுவதில்லை. மில்லிமீட்டரில் வரைந்த 1200 அகலப் பெல்ட்டை மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், 1.2 கிலோமீட்டர் அகலக் கன்வேயர் கிடைக்கும், அதன் மேல் உங்கள் கற்கள் தூசி மாதிரித் தெரியும். இறக்கியதும் முதல் வேலையாக மொத்த அளவைப் பாருங்கள்.

நீளம் எவ்வளவு வேண்டும்? நிஜத்தில் பெல்ட் 300 மீட்டர் இருக்கலாம், உங்களுக்குத் தேவை கொட்டும் இடமும் அதிலிருந்து பொருள் அமைதியாகும் வரை உள்ள தூரமும்தான். மேலே போட்ட கணக்கில் அரை மீட்டருக்குள் வேகம் பிடித்துவிட்டது; குவியலாகக் கொட்டும்போது அடியில் இருப்பது முதலில் வேகம் பிடித்து மேலே இருப்பதை இழுக்க வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட வைக்கலாம். பெல்ட்டின் கடைசிப் பகுதியில் பொருள் எப்படிப் பாய்கிறது என்பதை மட்டும் பார்க்கப்போகிறீர்கள் என்றால், துகள்களை உருவாக்கும்போதே பெல்ட்டின் வேகத்தை ஆரம்ப வேகமாகக் கொடுத்துவிடுங்கள். பல மீட்டர் பெல்ட்டும் அதன் மேல் உட்காரும் துகள்களும் மிச்சம்.

அடுத்து வருவதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், பெல்ட்டும் ஸ்கர்ட் தகடும் தனித்தனிப் பெயரோடு தனித்தனி உறுப்பாக இருக்க வேண்டும். நானே இதில் மாட்டியிருக்கிறேன். வரைபடம் மொத்தமும் ஒரே உறுப்பாக வந்திருந்தது, அதைக் கவனிக்காமல் முழுவதற்கும் வேகத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டு இரவு கணினி ஓடியது. முடிவு பிரமாதமாக இருந்தது, பொருள் எங்கேயும் தேங்கவில்லை, பக்கத் தகட்டில் உரசல் இல்லை, எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. ரொம்ப நல்லா இருக்கே என்ற சந்தேகத்தில்தான் திரும்பிப் பார்த்தேன். ஸ்கர்ட் தகடுகளும் வினாடிக்கு 2 மீட்டரில் "ஓடிக்கொண்டு" இருந்தன. திரையில் எதுவுமே அசையாது என்பதால் கண்ணால் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

## வேகத்துக்குத் திசை உண்டு

பெல்ட் கிடைமட்டமாக இருந்தால் பிரச்சினை இல்லை, எக்ஸ் திசையில் 2 என்று எழுதினால் முடிந்தது. பெல்ட் 12 பாகை ஏற்றமாக இருந்தால்? அப்போதும் எக்ஸில் 2 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பெல்ட்டின் வேகம் பெல்ட்டோடு ஒட்டித்தான் போக வேண்டும், அதனால் கிடைமட்டப் பகுதி 1.956, செங்குத்துப் பகுதி 0.416 என்று இரண்டையும் கொடுக்க வேண்டும்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரசியம். கிடைமட்டமாகக் கொடுத்த 2 மீட்டரில் ஒரு பங்கு, வினாடிக்கு 0.416 மீட்டர், பெல்ட்டின் பரப்பைக் குத்திக்கொண்டு போகிறது. சுவர் நகரவில்லை, ஆனால் "நான் கீழே விலகிப் போய்க்கொண்டிருக்கிறேன்" என்று துகளிடம் பொய் சொல்கிறது. முன்பு சொன்ன தணிப்பு விசை இந்தப் பொய்யை நம்பிவிடும், தாங்கும் விசை குறையும், துகள் இருக்க வேண்டியதைவிட ஆழமாகப் புதையும். இறக்கமான பெல்ட்டில் இதே தவறு நேர்ந்தால் பொய்யும் தலைகீழ், சுவர் மேலே வருவதாகத் துகள் நினைத்து, யாரோ அடியிலிருந்து தட்டிக்கொண்டே இருப்பது போலத் துள்ளும். காரணமில்லாமல் பெல்ட்டில் பொருள் நடுங்கினால் நான் முதலில் பார்ப்பது வேகத்தின் திசையைத்தான். பரப்புக்குச் செங்குத்தான பகுதியை உங்கள் மென்பொருள் தானாகக் கழித்துவிடுகிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் சரி, கழிக்காவிட்டாலும் சரி, திசையைச் சரியாகக் கொடுத்துப் பழகுவது நல்லது.

தொட்டி வடிவப் பெல்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நடுவில் ஒரு தட்டையும் இரண்டு பக்கமும் 20, 35 அல்லது 45 பாகையில் மடிந்த சிறகுகளுமாக வருமே, அதற்கு மூன்று வேகம் கொடுக்க வேண்டுமோ என்று கேட்பார்கள். தேவையில்லை. மூன்று பகுதிகளும் நீளவாக்கில் ஒரே திசையில்தான் ஓடுகின்றன, நீளவாக்கில் கொடுத்த ஒரே வேகம் மூன்றின் பரப்போடும் ஒட்டியே இருக்கும்.

## புல்லியில் மட்டும் சுழல வேண்டும்

நேரான வேகம் செல்லாத ஒரே இடம் முனையில் இருக்கும் ஹெட் புல்லி. அங்கே பெல்ட் வளைந்து கீழே திரும்புகிறது. வளைவின் உச்சியில் பரப்பு முன்னோக்கி ஓடுகிறது, கால் சுற்று தாண்டினால் நேராகக் கீழே, அரைச் சுற்றில் பின்னோக்கி. ஒரே ஒரு நேர் வேகத்தை அந்த வளைவு முழுவதற்கும் கொடுத்தால், கால் சுற்று வந்த இடத்தில் அந்த வேகம் பரப்பிலிருந்து நேராக வெளியே குத்தும். அங்கே தொடுகிற துகளைச் சுவர் உதைத்துத் தள்ளுவது போல ஆகும், கொட்டும் பாதையே மாறிப்போகும்.

அதனால் வளைவை மட்டும் தனி உறுப்பாகப் பிரித்து, அதன் பரப்புக்குச் சுழல் வேகம் கொடுக்க வேண்டும். கணக்கு எளிது, பெல்ட் வேகத்தை ஆரத்தால் வகுக்க வேண்டியதுதான். 2 மீட்டர் வேகம், 0.3 மீட்டர் ஆரம் என்றால் வினாடிக்கு 6.67 ரேடியன், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 64 சுற்று. சுழற்சி மையம் புல்லியின் அச்சில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, சுற்றும் திசை சரியா, இரண்டையும் பாருங்கள். குறியை மாற்றிப் போட்டுப் புல்லி பெல்ட்டுக்கு எதிராகச் சுற்றுவது சகஜம்.

கன்வேயர் மாதிரிப் பரப்பு வேகமாகக் கொடுக்காமல், முழு உருளையாக வரைந்து அதை நிஜமாகவே சுழற்றினாலும் சரிதான். உருளை சுழன்றாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. அரை வட்டத் தாளாக வரைந்துவிட்டு நிஜமாகச் சுழற்றினால் மட்டும் மோசம், அரைச் சுற்றில் அது பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கும். மெஷ்ஷில் வளைவை ஐந்து பாகைக்கு ஒரு பட்டையாகவாவது வெட்டுங்கள். பன்னிரண்டு முகப் பட்டையாக விட்டால் துகள்கள் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்.

புல்லி எதற்கு, பெல்ட் முனையோடு நிறுத்திவிடலாமே என்று தோன்றும். வேகமான பெல்ட்டில் நிறுத்தலாம். வேகத்தின் வர்க்கம், ஆரத்தை 9.81-ஆல் பெருக்கியதைவிடப் பெரிதாக இருந்தால், பொருள் புல்லி தொடங்கும் இடத்திலேயே பெல்ட்டை விட்டுக் கிளம்பிவிடும். நம் எடுத்துக்காட்டில் 4-க்கு எதிரே 2.94, அதனால் கிளம்பிவிடும். அதே புல்லியில் வேகம் 1.2 என்றால் 1.44-க்கு எதிரே 2.94, பொருள் கொஞ்ச தூரம் வளைவோடு சேர்ந்தே இறங்கிப் பிறகுதான் விலகும். அப்போது புல்லி இல்லாத சிமுலேஷன் கொட்டும் பாதையைத் தப்பாகக் காட்டும்.

ஜியோமெட்ரி பக்கம் இவ்வளவுதான். தொடும் பரப்பை மட்டும் வரையுங்கள், ஓடுவதையும் நிற்பதையும் பிரித்து வையுங்கள், நேரான இடத்தில் பரப்போடு ஒட்டிய நேர் வேகம், வளைந்த இடத்தில் சுழல் வேகம்.

## உருண்டைகளின் சேட்டை

எல்லாம் சரியாகக் கொடுத்தும், ஒரு உருண்டைத் துகளைப் பெல்ட்டில் போட்டுப் பார்க்கிறவர் அதிர்ந்துபோவார். பெல்ட் 2 மீட்டர் வேகத்தில் "ஓடுகிறது", உருண்டை மெதுவாக 0.57 மீட்டர் வேகத்தில் போகிறது, அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. உராய்வைக் கூட்டினாலும் அதே 0.57. மென்பொருளில் பிழை என்று எழுதி அனுப்பியவர்களைக்கூட எனக்குத் தெரியும்.

பிழை இல்லை. ஒரு தாளை மேசையில் விரித்து, அதன் மேல் ஒரு அழிப்பான், ஒரு கோலிக்குண்டு இரண்டையும் வைத்துத் தாளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அழிப்பான் தாளோடு வரும். கோலிக்குண்டு தாளின் மேல் பின்னோக்கி உருளும், மேசையைப் பொறுத்துப் பார்த்தால் கொஞ்சமாக முன்னே வரும். உராய்வு குண்டை முன்னே இழுக்கும்போதே அதைச் சுழற்றியும் விடுகிறது. முன்னே போகும் வேகமும் சுழற்சியால் அடிப்புறத்துக்குக் கிடைக்கும் வேகமும் சேர்ந்து பெல்ட்டின் வேகத்துக்குச் சமமானதும், தொடும் புள்ளியில் சார்பு வேகம் பூஜ்யமாகிவிடுகிறது. சார்பு வேகம் இல்லையென்றால் இழுப்பும் இல்லை. திடமான உருண்டைக்கு இந்தப் பங்கீடு எப்போதுமே ஏழில் இரண்டு முன்னே போவதற்கு, ஏழில் ஐந்து சுழற்சிக்கு. 2 மீட்டரில் ஏழில் இரண்டு என்பதுதான் அந்த 0.57. உராய்வைக் கூட்டினால் அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், அவ்வளவே.

ஏற்றமான பெல்ட்டில் இன்னும் வேடிக்கை. உருளுவதற்குத் தடையே இல்லாத உருண்டை, பெல்ட்டின் மேல் உட்கார்ந்து பார்த்தால், சாதாரணச் சரிவில் இருக்கும் பந்துதான். கீழே உருண்டுகொண்டே போகும். பெல்ட் போதிய நீளமாக இருந்தால், எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் கடைசியில் அது அடிவாரத்துக்கு வந்தே தீரும்.

நிஜக் கல் இப்படிச் செய்யாது, ஏனென்றால் நிஜக் கல் உருண்டை இல்லை. கணக்கு வேகமாக முடியும் என்பதற்காக நாம்தான் அதை உருண்டையாக்கினோம். அந்தக் குறையை ஈடுகட்ட உருளல் உராய்வு என்ற எண் இருக்கிறது, உருளுவதற்கு எதிராக ஒரு திருப்பு விசை தருவது. அதைக் கொடுத்தால் சுழற்சி மெல்லக் குறைந்து, உருண்டை பெல்ட்டின் வேகத்தைப் பிடிக்கும். அல்லது சில உருண்டைகளை ஒட்டி ஒழுங்கற்ற வடிவமாகவோ, பல முகங்கள் கொண்ட வடிவமாகவோ துகளைச் செய்யலாம். பெல்ட்டில் பொருள் நிறைய இருக்கும்போது பக்கத்துத் துகள்கள் நெருக்கிச் சுழற்சியைத் தடுத்துவிடுவதால் இந்தச் சேட்டை அவ்வளவாக வெளியே தெரியாது, அதனாலேயே பலர் இது இருப்பதை அறியாமல் போய்விடுகிறார்கள். மெல்லிய அடுக்காகப் பொருள் போகும் பெல்ட்டில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும்.

## நம்புவதற்கு முன் ஒரு கணக்கு

பெரிய ரன் போடுவதற்கு முன் ஒரு கட்டையைப் போட்டுப் பாருங்கள், பிறகு ஒரு உருண்டையை. கட்டை 2 மீட்டரையும், உருளல் உராய்வு இல்லாத உருண்டை 0.57-ஐயும் தொட்டால் பரப்பு வேகம் சரியாக இருக்கிறது. ஐந்து நிமிட வேலை, அந்த இரண்டு இரவுகளை எனக்கு மிச்சப்படுத்தியிருக்கும் (ஸ்கர்ட் தகட்டில் ஒரு கட்டையைச் சாய்த்து வைத்திருந்தால்).

முழு ஓட்டத்துக்கும் ஒரு சோதனை உண்டு. மணிக்கு 500 டன் கொட்டுகிறது என்றால் வினாடிக்கு 138.9 கிலோ. பெல்ட் வேகம் 2 மீட்டர், ஆகவே சீரான ஓட்டத்தில் பெல்ட்டின் ஒவ்வொரு மீட்டரிலும் 69.4 கிலோ இருக்க வேண்டும். சிமுலேஷனில் ஒரு மீட்டர் நீளத்தை வெட்டி எடை பாருங்கள். அதைவிடக் கணிசமாக அதிகம் இருந்தால் பொருள் பெல்ட்டைவிட மெதுவாகப் போகிறது, அதாவது வழுக்குகிறது அல்லது உருளுகிறது. வழுக்குவதையும் உருளுவதையும் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

பெல்ட்டின் மேல் விழும் பக்கவாட்டு விசையையும் மென்பொருள் தரும். கிடைமட்டப் பெல்ட்டில் பொருள் நேராக மேலிருந்து விழுந்தால், அதை ஓட வைக்க வேண்டிய விசை 138.9 பெருக்கல் 2, சுமார் 278 நியூட்டன். இது உராய்வுக் கெழு எதுவாக இருந்தாலும் மாறாது, பொருள் கடைசியில் பெல்ட் வேகத்தைப் பிடித்துவிட்டால் போதும். ஸ்கர்ட் தகட்டில் உரசல் இருந்தால் அதற்கும் சேர்த்து விசை கூடும். இதற்கு மோட்டார் கொடுக்கும் திறன் 556 வாட், ஆனால் பொருளுக்கு இயக்க ஆற்றலாகப் போய்ச் சேருவது சரி பாதி, 278 வாட். மீதி வழுக்கும்போது வெப்பமாகப் போகிறது.

இதில் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், சிமுலேஷன் பெல்ட்டுக்குக் களைப்பே கிடையாது. நாம் எழுதிய வேகத்தை அது எந்தச் சுமையிலும் விடாது. பத்து மடங்கு கொட்டினாலும் 2 மீட்டர்தான். நிஜத்தில் மோட்டார் டிரிப் ஆகியிருக்குமா, பெல்ட் புல்லியில் வழுக்கியிருக்குமா என்பதை, சிமுலேஷன் தரும் விசையை எடுத்து நீங்கள்தான் தனியாகப் பார்க்க வேண்டும்.

## நிஜமாகவே நகர்த்த வேண்டிய இடங்கள்

பரப்பு வேகம் என்ற இந்தத் தந்திரம் பலிப்பதற்கு ஒரே நிபந்தனை, பெல்ட் ஓடும்போது அதன் வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்துக்காகக் குறுக்கே தடுப்புகள் வைத்த பெல்ட், வாளி வாளியாகப் பொருளைத் தூக்கும் எலிவேட்டர், தகடுகள் கோத்த ஃபீடர் (பொருளை அளவாக ஊட்டும் சாதனம்) இவற்றிலெல்லாம் ஒரு மேடு இங்கிருந்து அங்கே போகிறது. நின்ற தடுப்பில் வேகத்தை மட்டும் எழுதினால் அது முன்னே வந்து பொருளைத் தள்ளாது, நின்ற இடத்திலேயே அணை மாதிரி மறிக்கும், கூடவே வேகம் அதன் முகத்தைக் குத்தித் தணிப்பு விசையையும் கெடுக்கும். இங்கே தடுப்புகளைத் தனி உறுப்புகளாக வரைந்து, பெல்ட்டின் பாதையில் ஒவ்வொன்றாக நிஜமாகவே ஓட்ட வேண்டும், முனைக்கு வந்ததும் புல்லியைச் சுற்றித் திருப்ப வேண்டும். அடியில் இருக்கும் தட்டைப் பெல்ட் மட்டும் பழையபடி பரப்பு வேகத்தோடு நிற்கலாம், ஆனால் இரண்டின் வேகமும் புள்ளி பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். அதிரும் ஃபீடரும் இந்தக் கூட்டம்தான். அதில் தட்டு சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நிஜமாகவே ஆடித்தான் பொருளைத் தூக்கிப் போடுகிறது, கன்வேயர் அமைப்பைக் கொடுத்தால் பொருள் போகும், ஆனால் அது அதிரும் ஃபீடரின் நடையாக இருக்காது.